இருப்பு இல்லை

திங்கள் பின்னேரம் மூன்று மணி.
சூமில் நாற்பத்திரண்டு நூலகர்கள்,
நாற்பத்தொரு கறுப்புச் சதுரங்கள்.
எங்கேயோ மழை. ஒருத்தி மைக்கை அணைக்க மறந்து
கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்கச் சொல்லிக் கத்துகிறாள்.
அறிவியல்நகரில் வெயில்.
கரண்ட் போய் முக்கால் மணித்தியாலம்,
யூபிஎஸ் கீச்சிட்டுக்கொண்டே இருக்கிறது.

தலைப்பு: செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் கல்விசார் நூலகர்.
போன மாதம் திறந்த அணுக்கம்.
வந்திருந்ததற்குப் புள்ளி உண்டு,
புள்ளி சேர்ந்தால் பதவியுயர்வுப் படிவத்தில் ஒரு பெட்டி நிறையும்.
போன சான்றிதழில் பவளராணியை
பாவலராணி ஆக்கி அனுப்பினார்கள்.
திருத்தச் சொல்லவில்லை நான்.

காலையில் யதுர்சிகா வந்தாள், விவசாயம் நாலாம் வருடம்.
"மிஸ், பதினொண்டில ஏழு எடுத்திட்டன்.
இந்த நாலையும் எங்கயும் காணேல்லை."

நாலும் வடிவான மேற்கோள்கள்.
ஆ. தவநாயகம், 1991,
இரணைமடு இடதுகரை வயல்களில் உவர் ஏற்றம்,
தொகுதி, இலக்கம், பக்கம் 41–58.
ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை.
அதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.
மனிசர் கட்டின பட்டியலில்
எங்கேயாவது ஒரு புள்ளி விழுந்திருக்கும்.

தேடினேன். அந்தச் சஞ்சிகை பிறக்கவே இல்லை.
தவநாயகம் எந்த வயலிலும் கால் நனைக்கவில்லை.
"ஆரிட்டைக் கேட்டனீர்?"
அவளுடைய போன் மேசையில் குப்புறக் கிடந்தது.
"அது அவ்வளவு உறுதியாச் சொல்லிச்சே, மிஸ்."

எனக்குத் தெரிந்த அறிக்கை ஒன்று இருக்கிறது.
இருந்தது.
முத்தையன்கட்டு நீரேந்து பரப்பு. தட்டச்சில் அறுபத்துமூன்று பக்கம்,
கார்பன் பிரதி, மண்ணெண்ணெய் மணம்.
தொண்ணூற்றேழில் நான் தற்காலிக எழுதுநர்,
அட்டவணை முழுக்க என் விரல்.
நாற்பதாம் பக்கத்தில் ஒன்பது என்று பிழையாய் அடித்து
பேனையால் வெட்டி ஏழாக்கினதும் நான்.
விசுவமடுவரை டிராக்டர் பெட்டியில் வந்தது.
அதற்கங்கால் அரிசியா கடதாசியா என்று
ஒருவரும் கூட்டம் வைத்து முடிவெடுக்கவில்லை.

இயந்திரத்திடம் அதையும் கேட்டுப் பார்த்தேன்.
மிகவும் மரியாதையாய்ச் சொன்னது:
அப்படி ஓர் அறிக்கை இருந்ததற்கு ஆதாரம் இல்லை.

"கேள்விகள் ஏதும்?" என்கிறார் வளவாளர்.
அரட்டைப் பெட்டியில் எழுதினேன்:
பொருள் இல்லை, பிரதி இல்லை, ஆனால் இருந்தது.
மீதரவில் எந்தப் புலத்தில் போடுவது?
"மிக நல்ல கேள்வி" என்றார்.
அடுத்த சிலைட் வந்தது.

ஐந்து மணிக்குக் கரண்டும் வந்தது.
குரங்குகள் வரும் நேரமென்று
மரியநாயகம் ஜன்னல் ஜன்னலாய்ச் சாத்திக்கொண்டு போகிறார்.
களஞ்சியத்தில் புதிய பதிவு ஒன்றைத் திறந்தேன்.
தலைப்பு, எழுதினேன்.
ஆசிரியர் மூவரில் இருவர் பெயர் நினைவில் உண்டு.
பக்கம் 63.
நிலை: இருப்பு இல்லை.
சேமி என்றால் சிவப்பில் மறிக்கிறது,
கோப்பு இணைத்தல் கட்டாயமாம்.
வெள்ளைத்தாள் ஒன்றை ஸ்கான் பண்ணி இணைத்தேன்.
அதன் அளவு நூற்றெட்டு கேபி.

போன் மினுங்கியது. யதுர்சிகா.
"நாலையும் வெட்டிட்டன் மிஸ்.
காலமை நீங்கள் சொன்ன அந்த அறிக்கையை நான் போடலாமோ?"

கண்ணால் காணாததை மேற்கோள் காட்டாதேங்கோ என்று
போன வியாழன் அவளுடைய வகுப்பில் கத்தினது நான்தான்.
"இல்லை" என்று அடித்து, அழித்து,
"நாளைக்குக் கதைப்பம்" என்று அனுப்பினேன்.

குறிப்புப் புலம் மட்டும் மிச்சம்.
பக்கம் 40, ஒன்பது ஏழாகத் திருத்தப்பட்டது, பேனை, நீலம்.
எழுதிவிட்டுக் கை நின்றது.
ஒன்பதை ஏழாக்கினேனா,
ஏழை ஒன்பதாக்கினேனா?
எவ்வளவு உறுதியாய் இருந்தேன் காலையில்.

மரியநாயகம் திறப்புக்கோர்வையோடு வாசலில் நிற்கிறார்.
ஒரு கேள்விக்குறி போட்டு
சேமித்தேன்.